பிளாசிப் போர் இரண்டு தடவை நடந்த வருஷம்

எங்கள் அப்பாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் சமமாகத் தெரியாது. ஏதோ ஒரு பாஷைக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்தார் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து கோடு போட்ட காகிதத்தில் தலையும் வாலுமாகப் புள்ளிகள் தொங்குமே, பேண்டுக்காரர்களின் இசைக்குறி, அதை மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பார். பதினோரு வயதில் அவரைப் பட்டாளத்து பேண்டில் சேர்த்தார்கள். முதலில் இசைக்குறி கற்றுக்கொடுத்தார்கள். அடுத்தது எழுத்து என்று இருந்தார்கள். அதற்குள் ஒரு யுத்தம் வந்துவிட்டது.

அவர் பெயர் பெர்னார்ட். நாற்பத்தேழில் பட்டாளத்தை விட்டு வந்து, மைசூர் ராஜ்யத்து மர்பி டவுனில் ஒன்றரை அறை வீட்டில் எங்களை வைத்துக்கொண்டு, கல்யாணம், சாவு, மாதா கோயில் திருவிழா என்று ஊதிப் பிழைத்தார். அவர் ஊதியது யூஃபோனியம். கைக்குழந்தையை அணைத்துப் பிடிப்பதுபோல மடியில் வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் அதை 'பெர்னார்ட் அண்ணனோட மூணாவது புள்ளை' என்றார்கள். முதல் இரண்டு பிள்ளைகளில் ஒருவன் நான், சிரில். இன்னொருத்தி கைக்குழந்தை.

என் பிராகரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு காதும் பக்கத்தில் இரண்டு புள்ளியும் இருக்கும். அவர் வாத்தியத்துக்கான தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வருகிற குறி அது. பள்ளிக்கூடத்தில் அதை உருது என்று நினைத்து உருது முன்ஷியிடம் காட்டினார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பாரசீகம், நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்கு வந்தேன். வயது பதினைந்து. மற்ற பாடங்களில் தலை தண்ணீருக்கு மேல் இருந்தது; சரித்திரத்தில் மட்டும் முழுகிப் போயிருந்தேன். அதற்கு முந்தின வருஷம் நூற்றுக்குப் பதினொன்று. ஜனவரியில் பள்ளிக்கூடத்திலேயே செலெக்‌ஷன் பரீட்சை ஒன்று வைப்பார்கள். அதில் எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து எடுத்தால்தான் கவர்ன்மென்ட் பரீட்சைக்கு அனுப்புவார்கள். எடுக்காவிட்டால் எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் மாமா, பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர், தன்னிடம் சும்மா கிடந்த, ஒன்றோடொன்று மோதி அடிக்கிற ஒரு ஜோடி பித்தளைத் தட்டுகளைத் துடைத்து எனக்காக ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "பித்தளையைத் தொட்டே, கையை முறிச்சுடுவேன். நான் ஊதினது போதும். நீ எழுதற வேலைக்குப் போ" என்பார். அந்தத் தட்டுகள் ஆடும்போதெல்லாம் அவர் முகம் மாறும்.

ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் பெற்றோர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். இந்த வயதுப் பிள்ளைகளைத் திட்டி உபயோகமில்லை, அடித்து உபயோகமில்லை. படித்தவரோ படிக்காதவரோ, தினமும் ஒரு மணி நேரம் பிள்ளை வீட்டுப் பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள், உங்களால் முடிந்த உதவியைச் செய்யுங்கள் என்றார். மற்ற அப்பாக்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். எங்கள் அப்பா எழுந்து நின்று, குதிகால் இரண்டையும் சேர்த்து, "யெஸ் சார்" என்றார். பட்டாளத்துக்காரரிடம் யோசனை சொல்லக்கூடாது. அவர் காதில் அது உத்தரவாகத்தான் விழும்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாயை விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தார். சும்மா இருக்கத் தெரியாதவர்.

"என்னடா படிக்கிறே?"

"பிளாசிப் போர்."

"சத்தமாப் படி."

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது வரியில் கையை உயர்த்தினார்.

"இரு, இரு. இதை இப்படி வெத்தாப் படிச்சா எவனுக்கு ஞாபகம் இருக்கும்? எலும்பே இல்லையே. பியாட்ரிஸ், அந்தப் பெட்டியை எடு."

அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரப் போறீங்களா, பொணம் தூக்கப் போறீங்களா?"

"ஹெட்மாஸ்டர் ஆர்டர்டீ. முடிஞ்ச உதவி செய்யச் சொல்லியிருக்கார். என்னால முடிஞ்சது இதுதான்."

அப்படித்தான் சரித்திரம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் ஒவ்வொரு பத்தியாகப் படிக்கப் படிக்க, அப்பா கோடு போட்ட தாளில் பென்சிலால் புள்ளிகளைத் தூவினார். பிளாசிப் போர் வேகநடை. 'ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு, ஜூன் இருபத்து மூன்று' என்பது முதல் நாலு அடி. மீர் ஜாஃபர் துரோகம் செய்கிற இடத்தில் வாத்தியம் கிணற்றுக்குள் இறங்கிவிடும். மொகலாய சாம்ராஜ்யம் வீழ்ந்ததற்கான காரணங்கள் ஏழும் சவ ஊர்வல மெட்டு. அசோகர் தர்மத்துக்குத் திரும்பியது தேவாலயத்துக்கு ஏற்றபடி இருந்தது. அவர் ஊத, நான் வலது காலைத் தட்டிக்கொண்டே விடையைச் சொல்லவேண்டும். முதல் வாரமே விடைகள் என் கால் வழியாக ஏற ஆரம்பித்தன.

இரண்டாவது வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டிரம் சேர்ந்துகொண்டது. "பெர்னார்ட் அண்ணே, யுத்தத்துல பீரங்கி இல்லாம எப்படி? கஞ்சத்தனம் நக்கோ, வேணாம்!" என்று கத்தினார் டெஸ்மண்ட் மாமா. கிளைவின் பீரங்கிகளை அன்று முதல் அவர் பார்த்துக்கொண்டார். எங்கள் ஓடுகள் நாலைந்து கீழே இறங்கின.

மர்பி டவுனில் அந்த வருஷம் சரித்திரம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. எங்களுக்குப் பால் ஊற்றிய முனியம்மாவின் எருமை, நிரந்தர நிலவரித் திட்டம் பாதியில் நின்றால் பாலை நிறுத்திவிடும். என் தங்கை முதல்முதலாகப் பேசிய வார்த்தை 'அம்மா' இல்லை, 'கிளைவு'. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தொம்மலூரில் ஒரு பெரியவரின் சாவுக்குப் போன அப்பா, ஞாபகப் பிசகாக மொகலாய வீழ்ச்சியை ஊதிவிட்டார். அப்படி ஓர் அழுகையைத் தொம்மலூர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று டெஸ்மண்ட் மாமா சொன்னார். நாற்பதாம் நாளுக்கும் அதையே வாசிக்கவேண்டும் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்களாம்.

ஜனவரியில் பரீட்சை வந்தது. கேள்வித்தாளைப் பார்த்தேன், ஆறு கேள்வி. ஆறும் தெரியும். வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. என் பேனா என்றைக்கும் அப்படி ஓடியதில்லை. மணி அடித்தபோது நான் மூன்றாவது கேள்வியில் இருந்தேன். இத்தனை வேகமாக எழுதியும் ஏன் மூன்றாவதில் நிற்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்கியவர் எங்கள் சரித்திர வாத்தியார் ஸ்ரீகண்டன் சார். பஞ்சகச்சம், கோட்டு, தலையில் மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை. அவர் சிரித்ததாகப் பள்ளிக்கூடத்தில் பதிவு இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பி, என் விடைத்தாளை மேஜைமேல் விரித்தார்.

"மிஸ்டர் பெர்னார்ட், உங்க பையன் எழுதினதுல ஒரு தப்பு இல்லே. ஆனா பிளாசிப் போர் என் சர்வீஸ்ல இதுவரைக்கும் ஒரு தடவைதான் நடந்திருக்கு. இவன் ரெண்டு தடவை நடத்தியிருக்கான். முதல் பத்தி, மறுபடியும் அதே பத்தி. ரெண்டாவது பத்தி, மறுபடியும் அதே. ஒரு காற்புள்ளி வித்தியாசம் கெடையாது. மை காயறதுக்குள்ள தன்னையே பார்த்துக் காப்பி அடிச்சிருக்கான். ஔரங்கசீப் ரெண்டு தடவை செத்துப்போறார்."

அப்பா குழம்பவில்லை. "ஆமா சார். ரெண்டு தடவைதானே வரும்?"

"எதுக்கு?"

"மார்ச்னா ஒவ்வொரு பகுதியும் ரெண்டு தரம் வாசிக்கணும் சார். கடைசியில ரெட்டைக் கோடும் புள்ளியும் போட்டிருப்போம், திரும்ப வான்னு அர்த்தம். ஒரு தரம் வாசிச்சா தெருவுல யார் காதுலயும் விழாது. ஊர்வலம் தாண்டிப் போயிடும்."

ஸ்ரீகண்டன் சார் பேட்டாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முழுக் கதையையும் கேட்டார். "ஹௌதா, அப்படியா?" என்று மூன்று இடத்தில் சொன்னார். பிறகு விடைத்தாளை மடித்தார்.

"இருபத்தேழு மார்க். பாதிப் பேப்பர்தானே எழுதியிருக்கான். ஹெட்மாஸ்டர் கிட்டே சொல்லிப் பார்க்கறேன். அடுத்த திங்கக்கிழமை இவனுக்கு மட்டும் தனியா ஒரு பரீட்சை. அதுலயும் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே ஒரு தடவை எழுதச் சொல்லுங்கோ, போறும்."

சுலபமாகத்தான் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் அப்பா எல்லாத் தாள்களையும் எடுத்து, சவரப் பிளேடால் அந்தப் புள்ளிகளைச் சுரண்டி எடுத்தார். தாள் சுத்தமாகிவிட்டது. என் தலைக்குள் அவர் பிளேடை விட முடியவில்லை. பத்தி முடிந்ததும் என் கால் நிற்காது. கால் நிற்காவிட்டால் கை நிற்காது. ஏழு மாதப் பழக்கம்.

"முடிஞ்சதும் நிறுத்துடா. அவ்வளவுதானே?" என்றாள் அம்மா.

"நிறுத்த முடியலம்மா. தானாத் திரும்பிடுது."

சனிக்கிழமை வரை இதுவே. அன்று டெஸ்மண்ட் மாமா அந்தத் தட்டுகளை ஆணியிலிருந்து எடுத்து வந்து எங்கள் வாசற்படியில் வைத்தார். கெட்ட எண்ணம் இல்லை. "பையன் கைக்குக் கனம் பழகட்டும் அண்ணே" என்றார். அப்பா கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தட்டுகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "தப்பு உன்மேல இல்லடா. எந்த பேண்டுக்காரனும் தானா நிறுத்த மாட்டான். ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்துட்டா முன்னால நடக்கிற மாஸ்டர் கையை மூடி மேல தூக்குவார். திரும்ப வராதே, அடுத்ததுக்குப் போன்னு அர்த்தம். கை தூக்காம ஒருத்தன் நிறுத்தினா அவனை பேண்டை விட்டே எடுத்துடுவாங்க. உனக்குக் கை தூக்க ஆள் இல்ல. அதான்."

திங்கட்கிழமை வகுப்பறைகள் காலியில்லை. பள்ளிக்கூட வராந்தாவில், தெருவைப் பார்த்தாற்போல, எனக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். ஸ்ரீகண்டன் சார் நாற்காலியில் உட்கார்ந்து நியூஸ் பேப்பரை விரித்தார். ஆறு கேள்வி, இரண்டு மணி நேரம். முதல் கேள்வி மொகலாய வீழ்ச்சி. முதல் பத்தியை முடித்தேன். பேனா திரும்பி அதே பத்தியின் முதல் சொல்லுக்குப் போகப் பார்த்தது. தலையைத் தூக்கினேன்.

காம்பவுண்டுக்கு வெளியே, எதிர்ப்பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் அப்பா நின்றார். பேண்டுச் சட்டை, தங்கப் பித்தான், தொப்பி. வாத்தியம் இல்லை. வலது கை மூடியபடி தலைக்கு மேலே உயர்ந்திருந்தது.

என் கால் நின்றது. இரண்டாவது பத்திக்குப் போனேன்.

எந்தக் கேள்வியை எழுதுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெஞ்சுக்குக் கீழே என் வலது கால் தெரிந்தது. அது தட்டுகிற தட்டிலேயே அவருக்கு மெட்டு தெரிந்துவிடும். மெட்டு தெரிந்தால் எத்தனை அடியில் பத்தி முடியும் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு பத்தியின் கடைசி அடியிலும், ஒரு விநாடி முந்தாமல் பிந்தாமல், கை மேலே போகும்.

இதனால் தெருவில் சில சங்கடங்கள். மூடிய கையைத் தூக்கியபடி தங்கப் பித்தான் போட்ட ஒருவர் நின்றால் வண்டிகள் என்ன செய்யும்? முதலில் ஒரு ஜட்கா நின்றது. அந்தக் குதிரை பட்டாளத்தில் வேலை பார்த்த குதிரை. வண்டிக்காரன் சாட்டையால் சொன்னதை விட அப்பாவின் கையைத்தான் அது நம்பியது. அதன் பின்னால் ஒரு கட்டை வண்டி, அதன் பின்னால் ஒரு சிவப்பு பஸ். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் வரிசை அல்சூர் ஏரி வரைக்கும் போய்விட்டது. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி, எந்தப் பெரிய மனிதர் வரப்போகிறார் என்று தெரியாமலே இரண்டு பக்கமும் ஒழுங்காக நின்றுகொண்டார்கள். ஒருவர் ரோஜா மாலைகூட வாங்கிவந்துவிட்டார்.

சந்தடி கேட்டு ஸ்ரீகண்டன் சார் பேப்பரை மடித்துவிட்டுக் காம்பவுண்டு வாசலுக்குப் போனார். நான் பேனாவைப் பிடித்தபடி அவர் முதுகையே பார்த்தேன்.

"மிஸ்டர் பெர்னார்ட், என்ன இது? பையனுக்குச் சைகை காட்டறேளா?"

"ஆமா சார்."

"என்னன்னு?"

"நிறுத்துன்னு."

"என்ன எழுதணும்னு ஏதாவது...?"

"எனக்கு எழுத்தே தெரியாது சார். நிறுத்த மட்டும்தான் சொல்றேன்."

ஸ்ரீகண்டன் சார் யோசித்தார். எழுதச் சொல்லிக் கொடுத்தால் காப்பி. அதற்கு விதி இருக்கிறது. எழுதாதே என்று சொன்னால் எந்த விதி? அவர் இருபத்தாறு வருஷ சர்வீஸில் அப்படியொரு விதியைப் பார்த்ததில்லை. "தொப்பியைச் சித்தே கீழே இறக்கிக்கோங்கோ, வெயில் கண்ணுல படறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். நாற்காலியை நகர்த்தி, முதுகைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து கேள்விகள் ஆயின. ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஆறாவதைப் படித்தேன். 'நகரசபையின் கடமைகளை விவரித்து எழுதுக.'

சரித்திரப் புத்தகத்தின் கடைசியில் இருந்த அந்தப் பாடத்துக்கு மெட்டு இல்லை. வகுப்பில் அதை நடத்திய வாரம் அப்பா கோலார் தங்கவயலுக்குத் திருவிழா ஊதப் போயிருந்தார். அவர் வந்த பிறகு சொல்ல நான் மறந்துவிட்டேன். பத்து மார்க். அது இல்லாமல் முப்பத்தைந்து தாண்டுமா என்று எனக்கு நிச்சயமில்லை. மரத்தடியைப் பார்த்தேன். அப்பா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் அசையவில்லை. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையைப் பாதி தூக்கினார், இறக்கினார், மறுபடி பாதி தூக்கினார். பட்டாளத்துக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நகரசபை என்றால் என்ன? எங்கள் தெருக் குழாய். காலை நாலு மணிக்கு வந்து ஐந்தரைக்கு நிற்கும். அதற்குள் அம்மாவுக்கும் டெஸ்மண்ட் மாமாவின் பெண்சாதிக்கும் இரண்டு சண்டை முடிந்திருக்கும். அதை எழுதினேன். பௌர்ணமி அன்று பளிச்சென்று எரிந்து, அமாவாசை அன்று ஓய்வெடுக்கும் தெருவிளக்கை எழுதினேன். சாக்கடையில் மருந்து தெளிக்கிறவர் வந்தால் கொசுக்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து அவர் போகும்வரை காத்திருக்கும் என்பதை எழுதினேன். அம்மை குத்த வந்தவரைக் கண்டு தெருவே மாதா கோயிலுக்குள் ஒளிந்ததையும், ஃபாதர்தான் முதலில் ஒளிந்தார் என்பதையும் எழுதினேன். எழுத எழுத இன்னும் வந்தது. எங்கே முடிப்பது என்று எனக்கே தெரிந்தது. முடித்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது மரத்தடி காலியாக இருந்தது. வண்டிகள் போய்விட்டன. அப்பாவும் போய்விட்டார்.

எனக்குக் கோபமாக வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அவர் பேண்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு, மடியில் யூஃபோனியத்தை வைத்து, புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா பாதியில போயிட்டீங்க?"

"கடைசிது என்ன மெட்டுடா? எனக்குப் பிடிபடல."

"மெட்டு இல்லப்பா."

"பின்னே எப்படி எழுதினே?"

"நம்ம தெருவை நெனச்சேன். வந்துச்சு."

துலக்குகிற கை நின்றது. "எத்தனை தரம்?"

"ஒரு தரம்தான்."

"கை யார் தூக்கினாங்க?"

"யாரும் தூக்கல. முடிஞ்சுது, நிறுத்திட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பித்தளையில் தன் முகத்தைப் பார்த்தார். "நீ காலைத் தட்டாம எழுதறதைப் பார்த்தேன். நான் எதுக்கு நடுவுல நிக்கறதுன்னு வந்துட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மீர் ஜாஃபர் இடத்துக்கு இறங்கிவிட்டது.

நாற்பத்தெட்டு மார்க். நகரசபைக்கு மட்டும் பத்துக்கு ஒன்பது. அந்த ஒரு மார்க்கை ஃபாதர் ஒளிந்த விஷயத்துக்காகக் குறைத்ததாக ஸ்ரீகண்டன் சார் சொன்னார். கவர்ன்மென்ட் பரீட்சைக்கு என் பெயர் போனது. டெஸ்மண்ட் மாமா தட்டுகளைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்பா தினமும் ஆறு மணிக்கு வந்து என் பக்கத்தில் பாயில் உட்காருவார். யூஃபோனியம் பெட்டிக்குள் இருக்கும். "சத்தமாப் படிக்கட்டுமாப்பா?" என்று கேட்டால், "வேணாம், உனக்கு எப்படி வருதோ அப்படிப் படி" என்பார். நான் மனசுக்குள்ளேயே படிப்பேன். மெட்டுப் போட்ட பாடம் வந்தால் என் வலது கால் தானாக லேசாகத் தட்டும். முழங்காலின்மேல் அவருடைய மூன்று விரல்கள் மட்டும், வாத்தியத்தின் கட்டைகளை அழுத்துவதுபோல, மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அந்த விரல்களை வைத்தே நான் எந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அம்மா சரியாகச் சொல்லிவிடுவாள்.